எழுத்துப் பயிற்சிப் பாடத்திட்டம் வாங்கும் முன்

அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி அளிக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள், எழுத்துப் பயிற்சிக்கான பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அட்டையில் அச்சிட்டிருக்கும் வேத வசனத்தைவிட, எழுதும் முறை உள்ளே எவ்வாறு கற்றுத்தரப்படுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். வசனத்தைப் பார்த்தெழுதுவது கையெழுத்துக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் நல்ல பயிற்சிதான். கட்டுரை எழுத அது மட்டும் போதாது.

"என்ன எழுதுவது?" என்று வெற்றுத்தாளையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, இன்ஸ்டிடியூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங் நிறுவனத்தின் குறிப்புச்சொல் முறை பொருந்தும். ஒரு பத்தியைப் படித்து, வாக்கியத்துக்கு மூன்று சொற்களுக்கு மிகாமல் குறித்துக்கொண்டு, மூலத்தை மூடிவைத்துவிட்டு, அக்குறிப்பிலிருந்து சொந்த நடையில் எழுத வேண்டும். லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வரும் காணாமற்போன ஆட்டின் உவமையை எடுத்துக்கொண்டால், "நூறு, ஒன்று, தேடி" என்பது முதல் வரி. "தோள், சுமந்து, சந்தோஷம்" என்பது அடுத்தது. இதை வீட்டில் ஒருமுறை செய்து பார்த்தாலே, அம்முறை உங்கள் பிள்ளைக்கு ஒத்துவருமா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

பத்து வயது நிரம்பாத பிள்ளையானால் அவசரம் வேண்டாம். இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வலியுறுத்தியபடி, படித்ததை வாய்மொழியாகத் திரும்பச் சொல்ல வைத்தாலே போதும்.

திருத்தும் வேலை பெற்றோர் தலையில்தான் விழும் என்பதால், ஆசிரியர் கையேட்டில் திருத்திய மாதிரிக் கட்டுரைகள் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையெனில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் அதை வாங்கமாட்டேன்.