ஓணத்துக்கு வீட்டில் விருந்தா? பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்

குமரி மாவட்டத்தில் ஓணச் சாப்பாட்டுக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் பலர், லீவு எல்லா ஊருக்கும் கிடையாது என்பதை மறந்துவிடுகிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஓணம் மட்டும் கூடவே வந்துவிட்டது. திருவோணத்துக்கு இங்கே உள்ளூர் விடுமுறை, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள். மாவட்ட எல்லையில் இருக்கும் ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் அது சாதாரண நாள். திருநெல்வேலி சம்பந்தி வீட்டார் அரை நாள் லீவு போட்டு வந்து சேரும்போது மணி இரண்டாகியிருக்கும், அதற்குள் முதல் பந்தியே முடிந்திருக்கும். வெளியூர்க்காரர்கள்தான் முக்கியம் என்றால் விருந்தைப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். அதனால் ஓணம் கோபித்துக்கொள்ளாது.

அடுத்தது, எண்ணிக்கை ஆசை. இலையில் இருபதுக்கு மேல் கறி இருந்தால்தான் ஓணம் என்று யாரோ சொல்லிவைக்க, அடுக்களையில் நிற்கும் இரண்டு பேர் அதிகாலையிலேயே அல்லாடத் தொடங்குகிறார்கள். வீட்டு விருந்துக்கு அவியல், துவரன் (தேங்காய் போட்ட பொரியல்), எரிசேரி, தடியங்காய் (வெள்ளைப் பூசணி) ஓலன், ஒரு பச்சடி, இஞ்சிக்கறி, மாங்காய் போதும். ஊற்றிக்கொள்ள பருப்பு, சாம்பார், புளிசேரி (மோர்க்குழம்பு மாதிரி), ரசம், மோர். இஞ்சிக்கறியை இரண்டு நாள் முன்பே செய்துவிடலாம், ருசி கூடத்தான் செய்யும். ஏத்தங்காய் உப்பேரியும் (நேந்திரங்காய் சிப்ஸ்) வெல்லம் பூசிய சர்க்கரைவரட்டியும் கடையில் வாங்கினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். திருவோணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தன்று சாயங்காலம் நாகர்கோவில் வடசேரி சந்தைக்குப் போய் இலை வாங்கலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். கூட்டம் ஒரு பக்கம், விலை இன்னொரு பக்கம். நுனி இலையும் காலியாகியிருக்கும்.

சமையலை விட அதிகம் சொதப்புவது விளம்புவதில், அதாவது பரிமாறுவதில்தான். இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடது கைப் பக்கம் வர வேண்டும். உப்பு, உப்பேரி, ஊறுகாய் வகைகள் அந்தப் பக்கம். அப்புறம் மற்ற கறிகள் வரிசையாக. ஆட்கள் உட்கார்ந்தபின் சோறு, பருப்பு, நெய், பப்படம். பிறகு சாம்பார். சாம்பார் முடிந்ததும் பாயசம் வரும். வெளியூர் விருந்தாளி இந்த இடத்தில்தான் ஏமாறுவார். பாயசம் வந்துவிட்டது, சாப்பாடு முடிந்தது என்று இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். புளிசேரியும் ரசமும் மோரும் இன்னும் அடுக்களையில் இருக்கும். நம் பக்கத்தில் பாயசத்துக்குப் பிறகும் சோறு உண்டு என்பதை உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: “அத்தான், பாயசம் குடிச்சிட்டு எழும்பிராதீங்க, இன்னும் சோறு இருக்கு.”

அரிசி அடை போட்டுச் செய்யும் பாயசமான அடைப்பிரதமனில் பெரிய தவறு ஒன்றுதான், ஆனால் அது நடந்தால் உருளி முழுக்கப் போச்சு. வெந்த அடையைப் பச்சைத் தண்ணீரில் அலசி வடித்து, நெய்யில் புரட்டி, வடிகட்டிய வெல்லப்பாகில் போட்டு வரட்ட வேண்டும். பாகை வடிகட்டாமல் ஊற்றினால் பல்லில் மண் கடிபடும். மூன்றாம் தேங்காய்ப்பாலையும் இரண்டாம் பாலையும் ஊற்றித் தாராளமாகக் கொதிக்க விடலாம். முதல் பாலை மட்டும் தீயைக் குறைத்த பிறகு ஊற்றி, சூடு ஏறியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்து, எண்ணெய் தனியே மேலே மிதக்கும். இன்னொன்று, ஆற ஆற அது இறுகும். அடுப்பில் சரியான பதமாகத் தெரிந்தால் இலையில் களியாகத்தான் விழும். அதனால் கொஞ்சம் இளக்கமாகவே இறக்குங்கள். அதைப் பேப்பர் கப்பில் கொடுப்பது ஏனோ எனக்குப் பிடிப்பதில்லை. இலையில் ஊற்றி, பப்படத்தை நொறுக்கிப் போட்டு, மட்டிப் பழத்தையும் பிசைந்து வழித்துச் சாப்பிட வேண்டிய சாமான் அது.

பப்படத்தைக் காலையிலேயே பொரித்துவைக்க வேண்டாம். மழைக் காற்றில் நமத்துவிடும்.

விருந்தாளி இலையின் மேல் கையை மறித்தால் போதும் என்று அர்த்தம். அந்தக் கையைத் தாண்டி இன்னொரு கரண்டி ஊற்றுவதை உபசாரம் என்று நினைக்கிறோம். சர்க்கரை நோய் உள்ள பெரியவர் எல்லார் முன்னாலும் “எனக்கு சுகர்” என்று விளக்கம் சொல்ல வேண்டி வரும். பாயசம் எவ்வளவு என்பதை முன்பே மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு நாற்காலி மேசை போடுங்கள். பாட்டா (தாத்தா) தரையில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடிப்பார், உட்கார்ந்த பின் எழுப்பிவிட இரண்டு ஆள் வேண்டும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் மோசமான தவறு கடைசிப் பந்தியில்தான். சமைத்த பெண்கள் மூன்றரை மணிக்கு ஆறிப்போன சாம்பாரோடு உட்காருவார்கள். அவியலில் முருங்கைக்காய் மட்டும் மிஞ்சியிருக்கும். முதல் பந்தியில் சாப்பிட்ட ஆண்களும் காலேஜ் பிள்ளைகளும் இரண்டாம் பந்திக்கு வாளியைத் தூக்கட்டும். மயினியும் (அண்ணி) அம்மாவும் அந்தப் பந்தியிலேயே உட்காரட்டும். ஒவ்வொரு கறியிலும் கொஞ்சம் எடுத்து மூடிவைத்துவிட்டுத்தான் முதல் பந்தியையே தொடங்க வேண்டும்.

மிச்சத்தை இரவுக்கு என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். தேங்காய் அரைத்த கறி இந்தப் புழுக்கத்தில் சாயங்காலத்துக்குள் ஊசிவிடும், அவியல்தான் முதலில். பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதானால் சாப்பாடு முடிந்த கையோடு கொடுத்தனுப்புங்கள், ஆறு மணிக்கு அல்ல. இஞ்சிக்கறியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.