துருக்கி மொழியில் 'என் வீட்டில்': வேற்றுமையும் உடைமையும் ஒட்டும் முறை

பெயரின் வாலில் உருபு ஒட்டுவது தமிழருக்குப் பழகிய வேலை. துருக்கியில் கவனிக்க வேண்டியவை இரண்டு: ஒட்டின் உயிர் மாறும், 'என், உன்' என்பவையும் பெயருக்குப் பின்னால் வரும்.

படி 1: கடைசி உயிரைப் பாருங்கள்

அ, ஒ, உ, 'காசு' என்பதன் இறுதியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரம் ஆகியவை ஒரு கூட்டம். எ, இ, இவ்விரண்டையும் உதட்டைக் குவித்துச் சொல்லும் ஒலிகள் இன்னொரு கூட்டம். சொல்லின் கடைசி உயிர் எந்தக் கூட்டமோ, ஒட்டும் அதே கூட்டம். (குற்றியலுகரத்தையும் இங்கே 'உ' என்றே எழுதியிருக்கிறோம்.)

படி 2: வேற்றுமை

எவ் (வீடு), ஒகுல் (பள்ளி):

ஐ: எவி, ஒகுலு
கு: எவெ, ஒகுல
இல்: எவ்தெ, ஒகுல்த
இலிருந்து: எவ்தென், ஒகுல்தன்
உடைய: எவின், ஒகுலுன்

இங்கே 'த' பந்தில் வரும் த. வல்லொலியில் முடியும் சொல்லுக்குப் பின் அது பத்தில் வரும் த ஆகும்: சொகாக் (தெரு), சொகாக்த. கிதாப் (புத்தகம்) உயிரொட்டு ஏற்றால் கிதாபு. அந்த 'பு' பம்பரத்தின் இரண்டாம் 'ப' போல ஒலிக்கும். உயிரில் முடியும் அரபா (கார்) நம் 'மணியை' போலவே யகரம் பெற்று அரபாயு ஆகும். 'உடைய' ஒட்டில் மட்டும் யகரத்துக்குப் பதில் னகரம்: அரபானுன்.

'ஐ'யைத் தமிழ்க் காதோடு கேளுங்கள். கிதாப் ஒகுதும்: புத்தகம் படித்தேன். கிதாபு ஒகுதும்: அந்தப் புத்தகத்தைப் படித்தேன். குறிப்பிட்ட பொருளுக்கே ஒட்டு.

படி 3: உடைமை

எவிம் (என் வீடு), எவின் (உன்), எவி (அவன், அவள், அது மூன்றுக்கும்), எவிமிஸ் (எங்கள்), எவினிஸ் (உங்கள்), எவ்லெரி (அவர்கள்). கடைசி 'ஸ்' தொண்டை அதிரச் சொல்வது.

எவின் என்றால் 'உன் வீடு', 'வீட்டின்' இரண்டும். எவி என்றால் 'அவன் வீடு', 'வீட்டை' இரண்டும். வாக்கியம்தான் பிரித்துக் காட்டும்.

படி 4: வரிசை

பெயர், பன்மை, உடைமை, வேற்றுமை. எவ்+லெர்+இம்+தெ: என் வீடுகளில். வேற்றுமையை முன்னே தள்ளி 'எவ்தெம்' என்றால் பிழை. 'என் வீட்டில்' என்பது எவிம்தெ.

'அவன்' ஒட்டுக்குப் பின் வேற்றுமை வந்தால் நடுவில் ஒரு ந் நுழையும்: எவிந்தெ. அதை விட்டு 'எவிதெ' என்பது தொடக்கத்தில் எல்லாரும் செய்யும் பிழை.

படி 5: இருபக்க ஒட்டு

தமிழர் அதிகம் சறுக்குவது இங்கேதான். 'ஆய்ஷாவின் வீடு' என்பதில் நமக்கு ஓர் உருபு போதும். துருக்கியில் உடையவருக்கும் உடைமைக்கும் சேர்த்து இரண்டு: ஆய்ஷெனின் எவி. 'ஆய்ஷெனின் எவ்' என்று நிறுத்தினால் வாக்கியம் பாதியில் நிற்கும்.

பிரித்துப் பாருங்கள்: அர்கதாஷ்லருமுஸுன் எவிந்தெ.
அர்கதாஷ் (நண்பர்) + லர் (கள்) + உமுஸ் (எங்கள்) + உன் (உடைய). எவ் + இ + ந் + தெ.
எங்கள் நண்பர்களுடைய வீட்டில்.