நாக்கு முந்தும் இடங்கள்: மனநல வார்டில் செவிலியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவிலியர் கல்லூரிகளிலிருந்து மனநல வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவியர், நோயாளியுடன் பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதித் தரும் ப்ராசஸ் ரெக்கார்டிங் நோட்டுகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். நோயாளி சொன்னது ஒரு கட்டத்திலும், செவிலியர் சொன்னது அடுத்த கட்டத்திலும், அப்படிச் சொன்னதற்கான காரணம் மூன்றாவது கட்டத்திலும் இருக்கும். நான் முதலில் படிப்பது மூன்றாவது கட்டத்தைத்தான். "அவர் அழத் தொடங்கியதும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்" என்று ஒரு மாணவி ஒளிக்காமல் எழுதியிருந்தார். பாடநூல்கள் தனித்தனிப் பெயரிட்டு விளக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகின்றன. நோயாளியின் தவிப்பைத் தணிப்பதாக எண்ணிக்கொண்டு, நம்முடைய தவிப்பைத் தணித்துக்கொள்ளவே நாம் அவசரமாக வாயைத் திறக்கிறோம்.

செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையில் உருவாகும் உறவே மனநலச் செவிலியப் பணியின் மையம் என்று அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அந்த நோக்கில் பார்த்தால், ஊசி போடும்போது அளவு பிசகுவதற்கும் பேசும்போது சொல் பிசகுவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மிக அதிகமாகக் காணப்படும் பிசகு, பொய்யான ஆறுதல். கடன் தொல்லையில் கடையை மூடிவிட்டு, கடும் மனச்சோர்வுடன் வார்டில் சேர்க்கப்பட்ட ஒருவர் மூன்று நாள் மௌனத்துக்குப் பிறகு, "நான் இருக்கிறதே எல்லாருக்கும் பாரம் சிஸ்டர்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். "அப்படியெல்லாம் பேசக் கூடாதுண்ணா, தங்கமான பிள்ளைங்க இருக்காங்க, எல்லாம் சரியாயிடும்" என்று நம் நாக்கு முந்திக்கொள்கிறது. சொன்னவருக்கு மனம் லேசாகிறது. கேட்டவரோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். பிள்ளைகள் தங்கமானவர்கள் என்பது அவருக்குத் தெரியாததன்று, அவர்களுக்குத் தாம் பாரமாகிவிட்டோம் என்பதே அவரை அரித்துக்கொண்டிருக்கிறது. "எல்லாருக்கும் பாரமா இருக்கோம்னு தோணுதா? எப்பலேர்ந்து இப்படித் தோணுது?" என்று அவருடைய சொல்லையே எடுத்து அவரிடம் திருப்பிக் கொடுத்திருந்தால், அடுத்த வாக்கியம் வந்திருக்கும்.

அந்த அடுத்த வாக்கியம் பெரும்பாலும் சாவைப் பற்றியதாக இருக்கும் என்ற அச்சமே நம்மைத் தடுக்கிறது. தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற நம்பிக்கை, அனுபவமுள்ள செவிலியரிடமும் இன்னும் இருக்கிறது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. அந்தத் தயக்கத்தால் கேள்வியே குழைந்து, "தப்பா எதுவும் நினைக்கலையே?" என்று வெளிவருகிறது. இப்படிக் கேட்டால், இல்லை என்ற பதிலை நாமே அவர் வாயில் ஊட்டிவிடுகிறோம். 'தப்பு' என்ற சொல்லோ அவருடைய வேதனையின் மேல் குற்ற முத்திரையையும் குத்திவிடுகிறது. "உயிரை விட்டுடலாம்னு தோணியிருக்கா?" என்று தாழ்ந்த குரலில் நேராகக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஆமென்றால், அந்த எண்ணம் எவ்வளவு அடிக்கடி வருகிறது, திட்டம் ஏதும் இருக்கிறதா, இதற்கு முன் முயன்றிருக்கிறாரா என்று மேலும் கேட்டறிந்து, அவரைத் தனியே விடாமல் மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரை, மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. சட்டமே குற்றமாகப் பார்க்காததை நம்முடைய தொனி குற்றமாக்கிவிடக் கூடாது.

இதே கட்டத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, சொல்றேன்" என்பார் நோயாளி. நம்பிக்கையைப் பெறும் ஆசையில் தலையாட்டிவிட்டால், பிறகு சொன்னாலும் துரோகம், சொல்லாவிட்டாலும் ஆபத்து. ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் சட்டபூர்வமான உரிமை என்பது உண்மையே. ஆயினும் உயிருக்கு ஆபத்து நேரும் இடத்தில் அதற்கு விலக்கு உண்டு. ஆகவே, "உங்களுக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்துன்னா டாக்டர்கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும், மத்தபடி வெளியே போகாது" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

'ஏன்' என்ற கேள்வியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் 'ஏன்' என்பது பெரும்பாலும் அதட்டலோடு வந்த சொல். "ஏன் மாத்திரை போடல?" என்றால் சாக்குத்தான் கிடைக்கும், "மாத்திரை போட்டா உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றால் பேச்சு கிடைக்கும்.

உண்மையல்லாத ஒன்றை உறுதியாக நம்புபவரிடம் வாதாடுவதும், சண்டை வேண்டாமென்று ஒத்து ஊதுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்பவரிடம், "யார் உங்களுக்கு விஷம் வைக்கப்போறா?" என்று வழக்காடினால் அவருடைய நம்பிக்கை இன்னும் இறுகும், "ஆமா, அந்தத் தட்டு வேண்டாம், வேற தட்டு தர்றேன்" என்றால் நாமே சாட்சி சொன்னதாகிவிடும். "எனக்கு அப்படித் தெரியல, ஆனா உங்களுக்கு ரொம்பப் பயமா இருக்குன்னு புரியுது" என்பதில் பொய்யும் இல்லை, மோதலும் இல்லை. காதில் குரல் கேட்கிறது என்பவரிடம், அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கேட்காமல் பேச்சை மாற்றிவிடுவது ஆபத்தான விடுபாடு. தன்னையோ பிறரையோ தாக்கும்படி அந்தக் குரல் கட்டளையிடுகிறதா என்பது அந்தப் பணிநேரத்திலேயே தெரிந்தாக வேண்டும்.

நோயாளி சொல்வதையெல்லாம் நோயின் கணக்கில் எழுதிவிடும் பழக்கத்தைத்தான் நான் இவை எல்லாவற்றிலும் கொடியதாகக் கருதுகிறேன். மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளைத் தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில நாட்களில் சிலருக்கு அகதீசியா என்னும் பக்கவிளைவு வரும். "உள்ளுக்குள்ள பரபரங்குது சிஸ்டர், காலு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே அவர் கட்டிலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருப்பார். "சும்மா ஒரு இடத்துல உட்காருங்க" என்று அதட்டிவிட்டு, கேஸ் ஷீட்டில் 'நோய் தணியவில்லை, அமைதியின்றி அலைகிறார்' என்று எழுதினால், அதைப் படிக்கும் மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டக்கூடும். கூட்டினால் வேதனையும் கூடும். அவருடைய வாக்கியத்தை அவர் சொன்னபடியே எழுதி, எந்த மருந்து எப்போது தொடங்கப்பட்டது என்பதையும் பக்கத்தில் குறித்திருந்தால், ரவுண்ட்ஸ் வரும்போது கதை வேறாக இருந்திருக்கும்.

தமிழுக்கே உரிய ஒரு பிசகும் உண்டு. உடல்நோய் வார்டில் 'வாங்க, போங்க' என்று பேசும் அதே வாய், மனநல வார்டில் ஐம்பது வயதுக்காரரை 'வா, போ' என்று அழைக்கிறது. அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "ராத்திரி தூங்கினாரா?" என்று கூட இருக்கும் மனைவியிடம் கேட்கிறோம். மரியாதை விகுதி போனால் மனிதரே கணக்கிலிருந்து போய்விடுகிறார். மனநோய் தீரும் என்று நம்பி குணசீலம் கோயிலிலோ ஏர்வாடி தர்காவிலோ சில வாரங்கள் தங்கிவிட்டுக் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வந்த குடும்பத்தைப் பார்த்து, "அங்கேயெல்லாம் போய் நாளைக் கெடுத்துட்டு வர்றீங்க" என்று கடிந்துகொள்வதும் இதே இனத்தைச் சேர்ந்தது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நடந்த தீ விபத்தில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்ததை மறக்கச் சொல்லவில்லை. சங்கிலியை எதிர்க்கும் உரிமை நமக்கு உண்டு, கடமையும் உண்டு. குடும்பத்தின் நம்பிக்கையைக் கேலி செய்தால், அடுத்த முறை மருந்தை நிறுத்தியதை அவர்கள் நம்மிடம் மறைப்பார்கள், அவ்வளவே.

மௌனத்தை நிரப்பும் அவசரத்தையும் சொல்லியாக வேண்டும். கடும் மனச்சோர்வில் சிந்தனையின் வேகமே குறைந்திருக்கும். ஒரு கேள்விக்குப் பதில் உருவாக நேரமாகும். அதற்குள் நாம் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளைப் போட்டால் முதல் பதிலும் கலைந்துவிடுகிறது. நாற்காலியைச் சற்று பக்கவாட்டில் போட்டு, கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, "மெதுவா சொல்லுங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று உட்கார்ந்திருப்பதும் பணிதான்.

விடைபெறுவதில் நேரும் தவறு மாணவியரிடம் அதிகம். பயிற்சி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்று தெரிந்தும், முகம் வாடிவிடுமே என்று அஞ்சி, "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பயிற்சி எத்தனை நாள் என்பதை முதல் நாளே சொல்லி, பாதியில் ஒரு முறை நினைவூட்டி, கடைசி நாளில் அடுத்து யாரிடம் பேசலாம் என்பதையும் காட்டிவிட வேண்டும். நோயாளியே வீடு திரும்புகிறார் என்றால், நம்முடைய சொந்த எண்ணைக் கொடுக்காமல், மறு பரிசோதனைக்கு வர வேண்டிய தேதியையும், இரவு பகல் எந்நேரமும் அழைக்கக்கூடிய, டெலி மானஸ் என்னும் அரசு மனநலத் தொலைபேசி உதவி எண்ணான 14416ஐயும் அவர் கையெழுத்திலேயே ஓபி சீட்டின் பின்புறம் எழுதிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.