பாண்டியிலிருந்து பாரிஸ்: வீட்டு வாசலிலிருந்து எத்தனை மணி நேரம்?

போன வருஷம் எங்கள் அத்தை பாரிஸில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பியபோது, டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் "பத்து மணி நேரம்தாம்மா" என்று சொல்லிவிட்டார். அத்தை அதை நம்பி ஒரு வேளை சுகர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு மீதியைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டார். மகள் வீட்டுப் படி ஏறும்போது இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதிலிருந்து சொந்தத்தில் யார் கிளம்பினாலும் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன்.

முதலில் தூரம். கூகுள் மேப்பில் வழி கேட்டால் ரோட்டுத் தூரத்தைத்தான் காட்டும். கம்ப்யூட்டரில் திறந்து, சென்னை விமான நிலையத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, தூரத்தை அளப்பதற்கான வசதியைத் தேர்ந்தெடுத்து, பாரிஸைத் தொடுங்கள். சுமார் 8,000 கிலோமீட்டர் வரும். பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர் போகும், அதனால் தூரத்தை 850-ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் கூட்டினால் பத்து மணி நேரம். அத்தைக்குச் சொன்ன கணக்கு இதுதான். (லாஸ்பேட்டையில் இருக்கும் பாண்டி விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்குக் கணக்குப் போடுகிறவர்கள் 500-ஆல் வகுக்க வேண்டும், அங்கே ஓடுவது விசிறி வைத்த ஏடிஆர் என்ற சின்ன விமானம்.) மேற்கே போகும்போது எதிர்க்காற்று, குளிர்காலத்தில் அது இன்னும் பலம். அதனால் போவதைவிடத் திரும்பி வருவது சீக்கிரமாக முடியும்.

துபாய் வழியாகப் போனால் சுற்று என்று பலர் பயப்படுகிறார்கள். அளந்து பார்த்தேன், சுமார் 150 கிலோமீட்டர்தான் அதிகம் வரும், துபாய் கிட்டத்தட்ட அதே கோட்டில்தான் இருக்கிறது. நேரத்தைத் தின்பது அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதுதான். டிக்கெட் பார்க்கும்போது விலைக்கு அடுத்து அந்த மணியைப் பாருங்கள், வயதானவர்களுக்கு ஆறேழு மணி நேரம் நாற்காலியில் உட்காருவது பெரிய சிரமம்.

அப்புறம் கடிகாரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம்முடையது, இறங்கும் நேரம் அவர்களுடையது. பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம். ஜூனில் விடிகாலை 4 மணிக்கு ஏறி மதியம் 1.30-க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் அது ஒன்பதரை மணி நேரம் இல்லை, மூன்றரை கூட்டிப் பதின்மூன்று, நடுவில் விமானம் மாறக் காத்திருப்பதும் இதில் அடக்கம்.

சரி, நம் ஊர்ப் பக்கம். 4 மணி விமானத்துக்கு 1 மணிக்கு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். காரில் மூன்று மணி நேரம் ஆகும், ஆனால் பெருங்களத்தூர், தாம்பரம் நெரிசலுக்காக நான் எப்போதும் நாலு மணி நேரம் வைப்பேன். ஈசிஆரில் போனால் கோவளத்தில் திரும்பி, கேளம்பாக்கம் வழியாக வண்டலூர் வந்து சேருங்கள். கடலூர்க்காரர்கள் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். திண்டிவனம் வழி அரசு பஸ் என்றால் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும், பெட்டிகளோடு அது வேண்டாம்.

இப்போது மொத்தம் போடுங்கள். இரவு 9 மணிக்குப் பாண்டியில் கதவைப் பூட்டினால், பாரிஸில் இமிக்ரேஷன், பெட்டி, ரயில் எல்லாம் முடிந்து வீடு சேர அங்கே மாலை 3.30, நமக்கு இரவு 7. வானத்தில் இருப்பது அதில் பாதிதான். மாத்திரையை, இன்சுலினை, சாப்பாட்டை இந்த இருபத்திரண்டு மணி நேரத்துக்கும், தாமதமானால் இன்னொரு நாளுக்கும் கணக்கிட்டுக் கைப்பையில் வையுங்கள். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும்.