கடிக்கிற பூனைக்குட்டியைக் கைக்குப் பழக்குறது எப்பிடி?

வன்னியில நெல்லு மூட்டை அடுக்கி வச்சிருக்கிற வீட்டில பூனை இல்லாம ஏலாது, எலி சாக்கை அரிச்சுக் கொட்டிப்போடும், எலிக்குப் பின்னால பாம்பும் வரும். ஆனா எங்கட பக்கம் கிடைக்கிறது முக்கால்வாசி மாட்டுக்கொட்டில் மூலையில தாய் போட்ட குட்டி, மனுசக் கை படாதது, பிடிக்கப் போனா சீறும், விறாண்டும், விரலைக் கவ்வினா விடாது.

1. முதல்ல வயசைப் பாருங்கோ. 2 கிழமையில இருந்து 7 கிழமை மட்டும்தான் குட்டி லேசா மனுசரோட ஒட்டுற காலம். அதுக்காக அப்பவே தூக்கிக்கொண்டு வந்திடாதேங்கோ, 8 கிழமை மட்டும் தாயோட விட்டிட்டு நீங்கதான் கொட்டிலுக்குப் போய்ப் பழகோணும். கூடப்பிறந்ததுகளோட வளந்த குட்டிக்கு எவ்வளவு கடிச்சா நோகும் எண்டு தெரியும், தனிய வளந்ததுக்குத் தெரியாது.

2. வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்ன அறை போதும். ஓட்டை வெட்டின காட்போட் பெட்டி, உள்ளுக்க பழைய சாரம், மூலையில மண் போட்ட தட்டு. தொட வேண்டாம். நிலத்தில இருந்து ஃபோனை நோண்டிக்கொண்டு இருங்கோ, அதின்ர கண்ணை மட்டும் உத்துப் பாக்காதேங்கோ.

3. சாப்பாடுதான் முழு வேலையும் செய்யும். தட்டை வச்சிட்டுப் போனா அது தட்டோடதான் பழகும், உங்களோட இல்லை. அவிச்ச மீனை முள்ளெடுத்துப் பிசைஞ்சு நீட்டுக் கரண்டி நுனியில குடுங்கோ, கரண்டியைப் பயமில்லாம நக்கத் தொடங்கினாப் பிறகு கை. விரலை நீட்டாதேங்கோ, விரலும் மீனும் ஒரே மணம், அது பிரிச்சுப் பாக்காது. உள்ளங்கையை விரிச்சு நிலத்தோட வச்சு அதில குடுங்கோ, தின்னேக்க மற்றக் கையால கன்னத்தடியில மெல்லமாச் சொறியுங்கோ, தலைக்கு மேலால கையைக் கொண்டுபோனா பருந்து வந்தமாதிரிப் பதுங்கும். பசுப்பால் வேண்டாம், வயித்தால போகும்.

4. கவ்வினா கையை இழுக்காதேங்கோ. இழுத்தா இரை ஓடுதெண்டு இன்னும் இறுக்கும், தோலும் கிழியும். அசையாம இருந்து கையை ஒரு துளி வாய்ப்பக்கமாத் தள்ளினா தானா விடும், விட்டதும் சத்தம் போடாம எழும்பிப் போங்கோ. மூக்கில சுண்டச் சொல்லுற ஆக்கள் இருக்கினம், எனக்கு அதில துளியும் உடன்பாடில்லை, கையைக் கண்டாலே அடி எண்டுதான் அது படிக்கும்.

5. காதைப் பின்னால மடிச்சு, வால்மயிரைச் சிலிர்த்துக்கொண்டு கடிச்சா பயம், விலகுங்கோ. மல்லாந்து கிடந்து பின்னங்காலால உதைச்சுக் கடிச்சா விளையாட்டு, அப்ப கையை எடுத்திட்டு ஈர்க்கில கட்டின துணித்துண்டைக் காட்டுங்கோ. விளையாடி முடிய அதை எடுத்து வையுங்கோ, நூலை விழுங்கினா குடல் சிக்கும்.

6. தூக்கேக்க துவாயால சுத்தி, பின்னங்காலைத் தாங்கித் தூக்குங்கோ. பிடரியில தூக்கித் தொங்கவிடாதேங்கோ.

பல்லோ நகமோ பட்டு ரத்தம் வந்தா சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, குட்டிதானே எண்டு விடக்கூடாது, விசர்நோய் பூனையாலயும் வரும். ஊசி அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாமப் போடுவினம். சுண்ணாம்பு, மஞ்சள் ஒண்டும் அப்பாதேங்கோ. குட்டிக்கும் விசர்நாய் ஊசி போடோணும், மிருக வைத்தியரிட்டக் கேளுங்கோ.

4 மாசம் தாண்டினதைப் பிடிச்சா மடியில வந்து இருக்கும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. நேரத்துக்குச் சாப்பாட்டை வச்சுக் கொட்டிலிலயே விடுங்கோ, எலி பிடிக்க அது காணும்.