நிறம் வராவிட்டால் குளோரின் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்

கோண்டாவிலில் அண்ணா கட்டிய வீட்டு நீச்சல் தடாகத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவர் கனடாவில், நல்லூர்த் திருவிழாவுக்குத்தான் பிள்ளைகளோடு வருவார். பம்ப், ஃபில்டர் எல்லாம் ஓடுகின்றன என்று வைத்துக்கொண்டு குளோரினை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கொள்ளளவு. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீற்றரில் பெருக்குங்கள். எங்களுடையது 6 × 3. ஆழம் ஒரு பக்கம் 0.9, மறுபக்கம் 1.5, சராசரி 1.2. ஆக 21.6 கன மீற்றர், 21,600 லீற்றர். மேசன் 30,000 என்று சொல்லியிருந்தார். அவர் சுவரின் உயரத்தைக் கணக்கெடுத்திருக்கிறார். நமக்கு வேண்டியது தண்ணீர் நிற்கும் உயரம்.

அடுத்தது ரெஸ்ட். நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். மஞ்சள் நிறம் காட்டும் மலிவான திரவம் வேண்டாம். அது வேலைசெய்து முடித்த குளோரினையும் சேர்த்துக் காட்டும். டி.பி.டி முதலாம் இலக்க மாத்திரை வாங்குங்கள். மீதமுள்ள குளோரினுக்கு ஏற்றபடி தண்ணீர் ரோஸ் நிறமாகும். 1 முதல் 3 பி.பி.எம் (ஒரு லீற்றரில் அத்தனை மில்லிகிராம்) இருந்தால் சரி.

போன வருடம் மாத்திரை போட்டேன். தண்ணீர் வெள்ளையாகவே இருந்தது. குளோரின் இல்லையாக்கும் என்று ஒரு பேணி பவுடர் போட்டேன். பின்னேரமும் வெள்ளை. இன்னொரு பேணி. அடுத்த நாள் காலையிலும் ஒன்று. "சித்தப்பா, கண் எரியுது" என்று சின்னவன் ஏறி வந்தான். அவனுடைய நீலக் காற்சட்டை வெளிறிப் போயிருந்தது. குளோரின் அளவுமீறிப் போனால் அந்த ரோஸ் நிறத்தையே வெளுத்துவிடும்! மாத்திரை விழுந்ததும் ஒரு கணம் ரோஸ் மின்னி மறைந்தால் அதுதான் அடையாளம். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு தடாகத் தண்ணீரோடு நாலு பங்கு குளோரின் போடாத கிணற்றுத் தண்ணீர் கலந்து பார்த்து, விடையை ஐந்தால் பெருக்குங்கள். எனக்கு 3 காட்டியது. அதாவது 15! இரண்டு நாள் வெயில் படவிட்டு, 3க்குக் கீழே வந்த பிறகுதான் பிள்ளைகளை இறக்கினேன்.

இனி கணக்கு. 1,000 லீற்றருக்கு 1 கிராம் குளோரின் போட்டால் 1 பி.பி.எம் ஏறும். 0.5இலிருந்து 2க்கு ஏற்ற எனக்கு 21.6 × 1.5 = 32.4 கிராம். பவுடரில் 65 வீதம்தான் குளோரின் என்பதால் 0.65ஆல் வகுத்தால் 50 கிராம். பேணியை எறிந்துவிட்டுச் சமையல் தராசு வாங்குங்கள். என் பேணி ஏறக்குறைய 200 கிராம் பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் 6 பி.பி.எம் ஏற்றியிருக்கிறேன்.

பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர்; மாற்றிச் செய்யாதீர்கள். அசிட்டையோ வேறு வகைக் குளோரின் மாத்திரையையோ அதே வாளியில் கலக்கவே கூடாது. நச்சு வாயு வரலாம், தீயும் பிடிக்கலாம். அடியில் சுண்ணாம்பு படிந்ததும் தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். நம் கிணற்று நீரில் ஏற்கெனவே சுண்ணாம்பு போதும் போதும் என்று இருக்கிறது. வெயில் குளோரினைத் தின்றுவிடும். பொழுதுபட்ட பிறகு, பம்ப் ஓடும்போது ஊற்றுவதே நல்லது. பி.எச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7.2 முதல் 7.6 வரை இருக்கட்டும். 8ஐத் தொட்டால் போட்ட குளோரினில் பெரும்பகுதி சும்மா கிடக்கும்.

பிற்சேர்க்கை: திரவக் குளோரினுக்கு என்ன கணக்கு என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 10 வீதம் என்றால் மேலே சொன்ன அதே தேவைக்குச் சுமார் 325 மில்லிலீற்றர். சுண்ணாம்பு சேராது என்பது நல்லதுதான், ஆனால் நம்மூர் வெக்கையில் கானுக்குள் இருந்தபடியே அதன் வீரியம் குறைந்துகொண்டு போகும். சின்னக் கானாக வாங்கி நிழலில் வையுங்கள். ஊற்றிய பிறகு மறுபடி ஒரு மாத்திரை போட்டுப் பாருங்கள்.