டின்னைத் திருப்பிப் பாருங்கள்: பூனைக்கு நல்ல ஈர உணவு வாங்குவது எப்படி

பூனைக்கு டின் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். பளபளவென்று ஒரு பூனைப் படம், பக்கத்தில் சால்மன் துண்டு, மேலே தங்க எழுத்தில் 'பிரீமியம்' அல்லது 'கூர்மே' அல்லது 'ஹோலிஸ்டிக்'. இந்த மூன்று சொல்லுக்கும் எந்த வரையறையும் கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. செல்போன் கேமராவில் பெரிதாக்கிக் கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் படித்துவிடலாம்.

நம் ஊர் பெட் ஷாப்களில் தகர டின்னைவிட 70 முதல் 85 கிராம் வரையுள்ள பவுச்தான் அதிகம் தொங்கும். இரண்டும் ஒரே சரக்கு: காற்றுப் புகாமல் மூடி, அதிக வெப்பத்தில் வேகவைத்துக் கிருமி நீக்கியது. எனவே இங்கே டின் என்று சொல்வதெல்லாம் பவுச்சுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் ஒரே ஒரு சொல்

'கம்ப்ளீட்' என்று இருக்கிறதா பாருங்கள். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு', 'கம்ப்ளீட் பெட் ஃபுட்' என்றிருந்தால், வேறெதுவும் தராமல் அதை மட்டுமே தினமும் தந்தாலும் பூனைக்குத் தேவையான சத்தெல்லாம் கிடைக்கும்படி தயாரித்திருக்கிறார்கள் என்று பொருள். 'காம்ப்ளிமென்டரி' என்றோ 'சப்ளிமென்டல் ஆர் இன்டர்மிட்டன்ட் ஃபீடிங்' என்றோ இருந்தால் அது நொறுக்குத்தீனி, சாப்பாடு அல்ல. டூனா சதையை உதிர்த்து ஜெல்லியில் போட்ட அழகான சின்ன டின்களில் பல இந்த இரண்டாவது ரகம். விலையும் அதிகம். திறந்தால் மனிதர் சாப்பிடும் மீன் போலவே இருப்பதால் 'இதுதான் ஒரிஜினல்' என்று நம்பி வாங்குகிறோம். மாதக்கணக்கில் அதையே போட்டால் பூனை கொழுகொழுவென்று இருந்தபடியே உள்ளுக்குள் சத்துக்குறைவுக்கு ஆளாகும். சாதாரண விலையில் கிடைக்கும் 'கம்ப்ளீட்' பவுச் அதைவிட எவ்வளவோ மேல்.

இந்தச் சொல்லுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், டாரின் என்ற சத்து அதற்குள் அடங்கியிருக்கிறது. நம் உடம்பும் நாயின் உடம்பும் டாரினைத் தாமே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடம்பு போதிய அளவுக்குத் தயாரிக்காது. குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்கும். இதயநோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த நோயுற்ற பூனைகள் சாப்பிட்டதும் கடையில் விற்ற உணவுதான். அதன்பிறகே நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பு வகுத்த அளவுப்படி, நீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உலர் தீனியில் குறைந்தது 0.1 சதவீதம் டாரின் இருக்க வேண்டும். டின் உணவில் 0.2 சதவீதம். டின்னுக்கு இரட்டிப்பு கேட்பதற்குக் காரணம் டின் உணவைப் பக்குவப்படுத்தும் விதம்தான். நாய் டின்னைப் பூனைக்குப் போடக்கூடாது என்பதும் டாரினால்தான். நாய் உணவில் டாரின் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

'ஆஃப்கோ அப்ரூவ்டு' என்று விற்பனைப் பக்கங்களில் போட்டிருப்பார்கள். அந்த அமைப்பு எந்த டின்னுக்கும் ஒப்புதல் முத்திரை குத்துவதில்லை. அளவுகளை வகுப்பது மட்டுமே அதன் வேலை. லேபிளில் தேட வேண்டியது, அந்த அளவுகளின்படி தயாரித்தோம் என்றோ, பூனைகளுக்குக் கொடுத்துச் சோதித்தோம் என்றோ சொல்லும் வரி. அதே வரியில் யாருக்கான உணவு என்பதும் இருக்கும். 'அடல்ட் மெயின்டனன்ஸ்' வளர்ந்த பூனைக்கு. குட்டிக்கும் சினைப்பூனைக்கும் பாலூட்டும் தாய்க்கும் 'குரோத்' அல்லது 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்றிருப்பதை வாங்குங்கள்.

இறக்குமதிச் சரக்கில் ஒரு தொல்லை உண்டு. இறக்குமதியாளரின் பெயரும் எம்.ஆர்.பி.யும் அச்சிட்ட வெள்ளை ஸ்டிக்கரைச் சரியாக அந்த வரியின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். நகத்தால் மெல்ல உரித்துப் பாருங்கள். உரியாவிட்டால் நிறுவனத்தின் இணையதளத்தில் அதே பெயர், அதே சுவை, அதே எடையுள்ள டின்னைத் தேடிப் படியுங்கள். ஒரே பிராண்டில் சிக்கன் 'கம்ப்ளீட்' ஆகவும் டூனா 'காம்ப்ளிமென்டரி' ஆகவும் இருப்பது சகஜம்.

பத்து பெரிதா, முப்பது பெரிதா

டின்னில் புரதம் 10 சதவீதம். பக்கத்து அலமாரியில் உலர் தீனிப் பையில் 30 சதவீதம். பார்த்தவுடன் பை ஜெயித்தது போலத் தோன்றும். டின்னில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதை மறந்துவிடுகிறோம். தண்ணீரைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒரு பவுச்சின் பின்னால் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: புரதம் 10, கொழுப்பு 5, நார் 1, சாம்பல் (உணவை எரித்தால் மிஞ்சும் தாது உப்புகள்) 2.5, ஈரப்பதம் 78. நூறிலிருந்து 78-ஐக் கழித்தால் மிஞ்சுவது 22. புரதம் 10-ஐ 22-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 45 சதவீதம். உலர் தீனியில் ஈரப்பதம் 10. ஆக 30-ஐ 90-ஆல் வகுத்தால் 33. இப்போது ஜெயித்தது பவுச்.

மாவுச்சத்து எவ்வளவு என்று லேபிளில் பெரும்பாலும் போட மாட்டார்கள். அதையும் நாமே எடுக்கலாம். மேலே சொன்ன ஐந்து எண்களையும் கூட்டினால் 96.5. நூறுக்கு மிச்சம் 3.5. அதுதான் மாவுச்சத்து, 22-ஆல் வகுத்தால் 16 சதவீதம். சாம்பல் போடாத லேபிளில் 2 அல்லது 2.5 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 'மினிமம்', 'மேக்ஸிமம்' என்று எல்லைகளைத்தான் அச்சிடுகிறார்கள் என்பதால் விடை துல்லியமாக இருக்காது. இரண்டு டின்களில் எது தேவலை என்று முடிவுசெய்ய இது போதும்.

ஆஃப்கோ அளவில் வளர்ந்த பூனைக்குக் குறைந்தபட்சப் புரதம் 26 சதவீதம், குட்டிக்கு 30, கொழுப்பு 9. எல்லாம் நீர் நீக்கிய கணக்கு. அது தரையளவு. டின்னுக்குக் காசு கொடுப்பதென்றால் புரதம் 40-க்கு மேலும் மாவுச்சத்து 15-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பதைத் தேடுவது நம் கட்சி. பூனை அப்பட்டமான மாமிசப் பிராணி. இனிப்புச் சுவையை அறியும் மரபணுகூட அதற்கு வேலை செய்வதில்லை. டின்னில் சர்க்கரையும் கேரமலும் சேர்ப்பது குழம்பின் நிறத்தைப் பார்க்கும் நமக்காக.

'கிரெய்ன் ஃப்ரீ' என்றால் மாவுச்சத்து குறைவு என்று அர்த்தமில்லை. அரிசியையும் கோதுமையையும் எடுத்துவிட்டு உருளைக்கிழங்கு, பட்டாணி, மரவள்ளி மாவைப் போட்டிருக்கலாம். மேலே போட்ட கழித்தல் கணக்கு இதையும் காட்டிக்கொடுத்துவிடும். பொதுவாகக் குழைந்த பேட் வகையில் மாவு குறைவாகவும், கிரேவியில் மிதக்கும் துண்டு வகையில் சற்று அதிகமாகவும் இருக்கும். குழம்பைக் கெட்டியாக்க மாவும் துண்டுகளை ஒட்டவைக்கக் கோதுமை குளூட்டனும் தேவைப்படுகின்றன.

பெயரில் உள்ள சூட்சுமம்

அமெரிக்க லேபிள் முறையில் 'வித் டூனா' என்றால் டூனா 3 சதவீதம் இருந்தால் போதும். 'டூனா ஃப்ளேவர்' என்றால் வாசனை தெரிந்தாலே போதும். 'டூனா டின்னர்', 'டூனா என்ட்ரே' போன்ற பெயர்களுக்கு 25 சதவீதம் வேண்டும். ஐரோப்பிய முறையில் 'வித் சிக்கன்' என்பதற்கு 4 சதவீதம். சிக்கன் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு 'வித் டூனா' வாங்கிக்கொடுத்துவிட்டு அரிப்பு நிற்கவில்லையே என்று குழம்புவதற்குக் காரணம் இதுதான்: மீதியில் பெரும்பங்கு சிக்கனாக இருக்கலாம்.

சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். முதல் இரண்டு மூன்று இடங்களில் பெயர் சொல்லி ஒரு கறியோ மீனோ இருக்க வேண்டும்: சிக்கன், வான்கோழி, மத்தி. தண்ணீரோ சிக்கன் வேகவைத்த நீரோ முதலில் வந்தால் பயப்பட வேண்டாம், ஈர உணவில் அது இயல்பு. 'பை-ப்ராடக்ட்' என்ற சொல்லைக் கண்டு முகம் சுளிக்கவும் வேண்டாம். ஈரல், இதயம், நுரையீரல் எல்லாம் அதில் அடக்கம். எலியைப் பிடித்தால் பூனை முதலில் எதைத் தின்கிறது என்று கவனித்தவர்களுக்கு இது தெரியும். எந்த விலங்கு என்றே சொல்லாமல் வெறும் 'மீட்' என்று போட்டிருந்தால் அதில் என்ன கலவை என்பது தொகுதிக்குத் தொகுதி மாறலாம். வயிறு கெடும் பூனைக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. பட்டியலில் வெங்காயப் பொடியோ பூண்டுப் பொடியோ கண்ணில் பட்டால் டின்னை வைத்துவிடுங்கள். இரண்டுமே பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். வீட்டுக் கறிக்குழம்பைச் சோற்றில் பிசைந்து போடக்கூடாது என்பதற்கும் இதே காரணம்.

எத்தனை பவுச்?

நாலு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு நாளுக்கு ஏறத்தாழ 200 முதல் 240 கலோரி போதும். லேபிளில் கலோரி போட்டிருக்கும். இல்லாவிட்டால் புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். நம் உதாரணத்தில் 35, 12.25, 42.5, ஆக 100 கிராமுக்கு 90 கலோரி. 85 கிராம் பவுச்சுக்கு 76. முழுக்க ஈர உணவு என்றால் ஒரு நாளைக்கு மூன்று பவுச்.

பர்ஸ் தாங்காது என்பவர்கள் கலந்து கொடுக்கலாம், தவறே இல்லை. ஒரு பவுச்சும் 35 கிராம் உலர் தீனியும் சேர்ந்தால் 200 கலோரிக்கு வந்துவிடும். 35 கிராமைக் கையளவில் மதிப்பிடாதீர்கள். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அது எந்தக் கிண்ணத்தில் எதுவரை வருகிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். பவுச் போட ஆரம்பித்துவிட்டு உலர் தீனியைக் குறைக்காமல் விடுவதால்தான் மூன்று மாதத்தில் பூனையின் வயிறு தரையைத் தொடுகிறது.

ஈர உணவின் பெரிய லாபம் தண்ணீர். பாலைவனத்து மூதாதையிடமிருந்து வந்த பூனைக்குத் தாகம் குறைவு. மூன்று பவுச்சில் 200 மில்லிக்குக் கிட்டத்தட்ட நீர் உள்ளே போகிறது. அதே கலோரிக்கான உலர் தீனியில் ஒரு டீஸ்பூன்தான். சிறுநீரில் கல் வந்த பூனைக்கும் மலச்சிக்கல் உள்ள பூனைக்கும் இது பெரிய வித்தியாசம்.

மீன், சிறுநீரகம்

பூனைக்கு மீன் பிடிக்கும் என்பதற்காக வாரம் முழுக்க மீன் டின்னே வேண்டாம். டூனா பெரிய மீன், பாதரசம் சேரும். மீன்கொழுப்பு அதிகமாகி வைட்டமின் ஈ குறைந்தால் உடம்பின் கொழுப்பு மஞ்சளாகி வீங்கி, தொட்டாலே பூனை கத்தும். கோழி, வான்கோழி வகைகளை முதன்மையாக வைத்து, வாரத்தில் இரண்டு மூன்று வேளை மீன் போதும். மனிதர்களுக்கான உப்புநீர் டூனாவில் உப்பு அதிகம், சேர்க்கை டாரினும் கிடையாது.

பத்து வயதைத் தாண்டிய பூனைக்கு டின் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பாஸ்பரஸ் அளவே முக்கியம். பட்டியலில் சோடியம் பாஸ்பேட், டிரைபாலிஃபாஸ்பேட் போன்றவை இருப்பதைத் தவிர்த்து, 100 கலோரிக்கு எத்தனை மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். 'ரீனல்', 'யூரினரி' என்று எழுதிய மருத்துவ உணவுகளைக் கால்நடை மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

தட்டில் வைக்கும்போது

உப்பிய டின், கசியும் பவுச், மடிப்பில் நசுங்கிய டின் எதையும் வாங்காதீர்கள். திறந்ததில் மிஞ்சியதைக் கண்ணாடி டப்பாவில் மாற்றி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். குளிர்ந்த உணவைப் பூனை மோந்துவிட்டு நகர்ந்துவிடும். அதற்கு வாசனைதான் சுவை. ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்கி, விரலால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்படி வையுங்கள். சித்திரை வெயிலில் அரைமணி நேரத்துக்கு மேல் தட்டில் விடாதீர்கள். எறும்புக்கு மருந்து, சாக்பீஸ் எதுவும் வேண்டாம். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, உணவுக் கிண்ணத்தை நடுவில் வைத்தால் எறும்பு ஏறாது. கிரேவியை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை விட்டுவிடும் பூனைக்கு முள்கரண்டியால் மசித்துக் கொடுங்கள், அல்லது பேட் வகைக்கு மாறுங்கள்.

புது உணவுக்கு ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதிது, பிறகு பாதி, பிறகு முக்கால். மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் பொறுத்திருங்கள். 'பசித்தால் தானே சாப்பிடும்' என்று பழையதை ஒரேயடியாக நிறுத்தும் வேலை பூனையிடம் கூடாது. குண்டான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் பழைய உணவையே வைத்துவிடுங்கள்; அதையும் மோந்து பார்க்காமல் போனால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.